‘வாட்டர்’ படத்தை வன்னிக் கிராமங்களில் திரையிடுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீபா மேத்தா இயக்கிய ‘வாட்டர்’ (2005), கணவனை இழந்த இந்துப் பெண்களை 1930களில் சமூகம் நடத்திய விதத்தைச் சொல்லும் ஹிந்திப் படம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பெருநிலப் பக்கத்து மாதர் சங்கங்களும் வாசிகசாலைகளும் இதைத் திரையிட்டுக் கலந்துரையாட விரும்பும்போது எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

கதை என்ன?

ஆண்டு 1938. சுய்யாவுக்கு வயது 8. கலியாணம் நடந்ததே அவளுக்கு நினைவில்லை. ஒரு நாள் தகப்பன் அவளை எழுப்பி, உன் புருஷன் இறந்துவிட்டான், நீ இனி விதவை என்கிறார். எவ்வளவு காலத்துக்கு என்று அவள் கேட்கிறாள். தலையை மழித்து, வெள்ளை உடுத்தி, கங்கைக் கரையில் விதவைகள் வாழும் ஒரு வீட்டில் கொண்டுபோய் விடுகிறார்கள்.

அந்த வீட்டை ஆள்பவள் மதுமதி. அழகியான கல்யாணிக்கு மட்டும் தலைமுடியை விட்டுவைத்து, இரவில் அவளைப் பணக்காரர் வீடுகளுக்குப் படகில் அனுப்பி, அந்தக் காசில் வீட்டை நடத்துகிறாள். சகுந்தலா பக்தியும் படிப்பும் உள்ளவள். மெல்ல மெல்லக் கேள்வி கேட்கத் தொடங்குகிறாள். காந்தி பக்கம் சாய்ந்த நாராயண் என்ற இளைஞன் கல்யாணியை மணக்க விரும்புகிறான். அவன் வீட்டுக்குப் படகில் போகும்போதுதான் தன்னிடம் வந்துபோனவர்களில் அவன் தகப்பனும் ஒருவர் என்று கல்யாணிக்குத் தெரியவருகிறது. அவள் திரும்பிவந்து ஆற்றில் இறங்கி உயிரை விடுகிறாள். அவளுடைய இடத்துக்குச் சுய்யாவை அனுப்புகிறார்கள். கடைசியில் சகுந்தலா, காந்தி வந்துபோகும் ரயில் நிலையத்தில், ஓடும் ரயிலில் நிற்கும் நாராயணின் கையில் பிள்ளையைக் கொடுக்கிறாள்.

கதையை முன்கூட்டிச் சொல்வது ருசியைக் கெடுக்கும் என்று சிலர் தயங்குவார்கள். இந்தப் படத்துக்கு அந்தத் தயக்கம் வேண்டாம். பார்க்க வருபவர்களில் பலர் இழப்பைக் கடந்தவர்கள். என்ன வரப்போகிறது என்று தெரிந்துகொண்டு உட்கார அவர்களுக்கு உரிமை உண்டு.

இது இலங்கையில் எடுத்த படமாமே?

ஆம். 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஷபானா ஆஸ்மி, நந்திதா தாஸ் ஆகியோருடன் காசியில் படப்பிடிப்புக்கு ஆயத்தமானபோது எதிர்ப்பாளர்கள் செட்டுகளை அடித்து நொறுக்கினார்கள், வேலை நின்றுபோனது. 2004இல், படத்தின் உண்மைப் பெயரை வெளியில் விடாமல், வேறு நடிகர்களுடன் இலங்கையில் எடுத்து முடித்தார்கள். சகுந்தலாவாக சீமா பிஸ்வாஸ், கல்யாணியாக லிசா ரே, நாராயணாக ஜோன் ஆபிரகாம். சுய்யாவாக நடித்த சரளா காரியவசம் இலங்கைச் சிறுமி. ஹிந்தி தெரியாமல் ஒலியை மட்டும் பாடமாக்கி முழுப் படத்திலும் பேசியிருக்கிறாள். பாடல்களுக்கு இசை ஏ. ஆர். ரஹ்மான், பின்னணி இசை மைக்கல் டான்னா. கனடாவின் சார்பில் அனுப்பப்பட்டு, 2007இல் நடந்த ஒஸ்கார் விழாவில் சிறந்த வேற்றுமொழிப் படத்துக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது.

படத்தில் வரும் வரலாறு சரியா?

பெரும்பாலும் சரி. இரண்டு இடங்களில் கவனம் வேண்டும்.

முதலாவது, சட்டம். விதவை மறுமணத்தை அனுமதிக்கும் சட்டம் புதிதாக வந்தது போலப் படத்தில் பேச்சு வருகிறது. உண்மையில் ஈஸ்வர சந்திர வித்யாசாகரின் முயற்சியால் அது வந்தது 1856இல். கதை நடக்கும்போது அதற்கு 82 வயது. சிறுவர் திருமணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் 1929இல் நிறைவேறி 1930இல் நடைமுறைக்கு வந்தது. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று எல்லை வைத்தது. ஆனால் மீறி நடந்த கலியாணத்தை அது செல்லாததாக்கவில்லை, நடத்தியவர்களைத் தண்டித்ததோடு சரி. 1937இல் கணவன் சொத்தில் விதவைக்கு வரையறுக்கப்பட்ட பங்கு தரும் சட்டமும் வந்துவிட்டது. ஆக, சுய்யா அந்த வீட்டுக்குள் வந்தபோது மூன்று சட்டங்கள் ஏற்கெனவே வெளியில் இருந்தன. ஒன்றுகூட உள்ளே வரவில்லை. கலந்துரையாடலில் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

இரண்டாவது, காந்தி. அவர் சிறையிலிருந்து விடுதலையாகி வருவதாகப் படம் காட்டுகிறது. 1938இல் அவர் சிறையில் இருக்கவில்லை. கதைக்காக எடுத்துக்கொண்ட சுதந்திரம் இது. ஆசிரியர்கள் யாராவது கேட்டால் நேராக ஒப்புக்கொள்ளுங்கள்.

எங்கள் சனத்திடம் மொட்டை அடிக்கும் வழக்கமும் ஆச்சிரமமும் இல்லையே. பிறகு ஏன் இந்தப் படம்?

இல்லை என்பது உண்மை. தலை மழிப்பது இந்தியாவில் பிராமணரிடமும் வேறு சில உயர்சாதியினரிடமும் இருந்த வழக்கம். வன்னியில் அது பொதுவழக்காக இருந்ததில்லை. இதை அறிமுகத்திலேயே சொல்லாவிட்டால் சபை இரண்டு வழியில் ஒன்றில் போய்விடும்: “அங்கே அப்படி, நாங்கள் நல்லவர்கள்” என்று நிம்மதியாக எழும்பிப் போவார்கள், அல்லது “எங்களை இவ்வளவு மோசமானவர்கள் என்கிறீர்களா” என்று கோபிப்பார்கள். இரண்டிலும் அன்றைய வேலை கெட்டுவிடும்.

எங்களிடம் இருப்பது சின்னச் சின்ன விலக்கல்கள். பிரேதம் எடுக்கும்போது தாலி கழற்றப்படுகிறது. அதோடு பொட்டும் பூவும் போகின்றன. வெளிக்கிடுகிறவனுக்கு எதிரே வந்தால் முழுவியளம் (சகுனம்) சரியில்லை என்று முணுமுணுக்கிறார்கள். தாலிக்குப் பொன் உருக்கும் பொன்னுருக்குச் சடங்குக்கு அழைப்பதில்லை. பெற்ற மகளின் சாமத்தியச் சடங்கில் தாய் குசினிக்குள் நிற்க, மாமி வந்து ஆலாத்தி எடுக்கிறார். நெல் விதைத்து, கூலிக்குப் போய், அந்த மகளை வளர்த்தெடுத்தவள் அந்தத் தாய். கிணற்றடியில் ஒரு ஆணோடு நின்று கதைத்தால் ஊர் வேறு கதை கட்டுகிறது. 2009இல் போர் முடிந்த பிறகு இருபதுகளிலேயே தனித்துப்போன எத்தனையோ பெண்கள் இதையெல்லாம் சுமந்துகொண்டுதான் பெண் தலைமைத்துவக் குடும்பங்களை நடத்துகிறார்கள். படத்திலிருந்து இந்த விடயங்களுக்கு வந்துசேர்வதுதான் திரையிடலின் நோக்கம். மழித்த தலையிலேயே பேச்சு நின்றுவிட்டால் அந்தப் பின்னேரம் வீண்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் மனைவியர் வருவார்கள். அவர்களை எப்படி அழைப்பது?

விதவை என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். அழைப்பிதழில், அறிவிப்பில், பதாகையில், எங்குமே வேண்டாம். கணவன் உயிரோடு இருக்கிறார் என்று பொட்டும் தாலியும் அணிந்து தேடிக்கொண்டிருப்பவர்கள் அவர்கள். கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் 2017 பெப்ரவரி 20 அன்று தொடங்கிய உறவுகளின் போராட்டத்தில் உட்கார்ந்தவர்கள் பலர். மரணச் சான்றிதழை வாங்க மறுத்தவர்களும் இருக்கிறார்கள். ‘விதவைகளுக்கான திரையிடல்’ என்று ஒரு வரி எழுதினால், அரசாங்கம் கேட்டும் அவர்கள் கொடுக்காத ஒப்புதலை நீங்கள் எடுத்துக்கொண்டதாக ஆகும். ‘ஊர்ப் பெண்களுக்கான திரையிடல்’ என்று போடுங்கள். அது எல்லோருக்கும் பொருந்தும்.

எந்த வயதினருக்குக் காட்டலாம்?

16 வயதுக்கு மேல். உடலுறவுக் காட்சிகள் வெளிப்படையாக இல்லை. ஆனால் 8 வயதுப் பிள்ளையைப் பாலியல் தேவைக்கு அனுப்புவதும், பிறகு அவள் உணர்விழந்து கிடப்பதும் கதையில் இருக்கின்றன. “சின்னப் பிள்ளை நடிக்கும் படம்” என்று நினைத்துத் தாய்மார் பிள்ளைகளோடு வருவது அடிக்கடி நடக்கும். பக்கத்து முன்பள்ளிக் கட்டடத்தில் 2 பேரைப் பொறுப்பாக விட்டு, பிள்ளைகளுக்கு விளையாட்டும் பிஸ்கற்றும் ஒழுங்குசெய்தால்தான் தாய்மார் நிம்மதியாகப் பார்ப்பார்கள்.

எந்த மாதம், எந்த நேரம்?

ஒக்டோபர், நவம்பரில் பெரும்போக விதைப்பு. பெப்ரவரி, மார்ச்சில் அரிவுவெட்டு. அப்போது யாரும் வரமாட்டார்கள். மாரி மழை தகரக் கூரையில் விழுந்தால் ஒரு சொல் கேட்காது. போரில் இறந்தவர்களை நினைவுகூரும் மே 18, நவம்பர் 27 இரண்டையும் அண்டிய வாரங்களைத் தவிருங்கள். அந்த நாட்களின் துயரம் தனியானது, அதன்மேல் இன்னொன்றை ஏற்றக்கூடாது. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கல் நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜூலை, ஓகஸ்ட் நல்லது.

நேரம் பின்னேரம் 2 மணி. படம் ஏறத்தாழ 2 மணித்தியாலம், இடைவேளையும் கலந்துரையாடலுமாக இன்னொரு ஒன்றரை மணித்தியாலம்; ஐந்தரைக்கு முடியும். இரவுத் திரையிடல் இருட்டுக்கு வசதிதான். ஆனால் கடைசி பஸ் போய்விடும், காட்டோரக் கிராமங்களில் யானை நடமாடும், தனியாக வீடு திரும்பும் பெண்ணை ஊர் கணக்கெடுக்கும்.

பகலில் மண்டபத்தை எப்படி இருட்டாக்குவது? திரை?

பொதுநோக்கு மண்டபத்தின் யன்னல்களுக்குக் கறுப்புத் தறப்பாளை வெளிப்பக்கமாகக் கட்டுங்கள். நீல நிறத் தறப்பாள் வெளிச்சத்தை உள்ளே விடும்; படமும் நீலம் பாயும். திரைக்கு எதிர்ப்பக்கத்து யன்னல்கள்தான் முக்கியம், அவற்றை முழுதாக மூடுங்கள். திரை இருக்கும் பக்கத்து யன்னல்களின் மேல்பாதியைக் காற்றுக்கு விடலாம். முற்றாக மூடினால் தகரக் கூரைக்குக் கீழே அரை மணித்தியாலத்தில் மூச்சு முட்டும்.

புறொஜெக்ரர் 3,000 லூமனுக்குக் குறையாமல் இருக்கட்டும். ஒற்றைப் படுக்கைவிரிப்பைத் திரையாகக் கட்டினால் வெளிச்சத்தில் பாதி பின்னால் போய்விடும். வெள்ளையடித்த சுவர் அதைவிட நல்லது. பழைய பிளெக்ஸ் பதாகையின் வெள்ளைப் பின்பக்கம் இன்னும் நல்லது. 8 அடி அகலப் படத்துக்குச் சாதாரண புறொஜெக்ரரைச் சுமார் 12 அடி தள்ளி வைக்க வேண்டிவரும். கருவிக்குக் கருவி இது மாறும், முதல்நாளே வைத்துப் பாருங்கள்.

அதிகம் பிழைக்கும் இடம் ஒன்று உண்டு. ஹிந்தி வசனத்துக்கான தமிழ் எழுத்து (சப்டைட்டில்) படத்தின் அடியில் ஓடும். திரையைத் தாழக் கட்டினால் முன்வரிசைத் தலைகள் அதை மறைக்கும், பின்னால் இருப்பவர்களுக்கு வெறும் படம்தான் தெரியும். படத்தின் அடி விளிம்பு தரையிலிருந்து 4 அடியாவது உயர்ந்திருக்க வேண்டும். முன்னால் பாய், பின்னால் கதிரை.

தமிழ் எழுத்து பெட்டி பெட்டியாக வருகிறது, அல்லது ஆங்கில எழுத்தாக வருகிறது. ஏன்?

ஆங்கில எழுத்தாக வந்தால் தட்டச்சுச் செய்தவர் பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறார். அதை யுனிகோடுக்கு மாற்ற வேண்டும். பெட்டியாகவோ கேள்விக்குறியாகவோ வந்தால் கோப்பை யுடிஎஃப்-8 ஆகச் சேமிக்கவில்லை என்று அர்த்தம். நோட்பாட்டில் திறக்கும்போது தமிழ் சரியாகத் தெரிந்தால் யுடிஎஃப்-8 ஆக மறுபடி சேமியுங்கள். அங்கேயும் கேள்விக்குறிதான் என்றால் எழுத்து அழிந்துவிட்டது, மூலக் கோப்பை மறுபடி வாங்க வேண்டும். அதற்குப் பிறகும் பெட்டி வந்தால் படம் ஓட்டும் விஎல்சி மென்பொருளின் எழுத்து அமைப்பில் நிர்மலா அல்லது லதா எழுத்துருவைத் தெரிவுசெய்யுங்கள். பென்ட்ரைவை நேரே ரீவியில் குத்திப் போடுவதைத் தவிருங்கள். பல ரீவிகள் ‘கொ’, ‘கோ’ போன்றவற்றைப் பிய்த்துக் காட்டும். லப்ரொப்பிலிருந்து போடுங்கள்.

எழுத்து முந்தியோ பிந்தியோ வந்தால் விஎல்சியில் ஜி அழுத்த முந்தும், எச் அழுத்தப் பிந்தும். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போக விலகினால் அந்த விசைகள் உதவாது. படக் கோப்பு நொடிக்கு 25 சட்டகத்திலும் எழுத்து 23.976க்கும் தயாரிக்கப்பட்டிருக்கும், படம் முடியும்போது கிட்டத்தட்ட 5 நிமிட வித்தியாசம் வந்துவிடும். எழுத்துக் கோப்பின் வேகத்தையே மாற்ற வேண்டும். ஆகவே முதல் 5 நிமிடத்தை மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள், கடைசி ரயில் காட்சியையும் ஓட்டிப் பாருங்கள்.

வாசிக்கச் சிரமப்படும் அம்மாக்களுக்கு?

ஒருவர் மைக்கில் சொல்லிக்கொடுக்கலாம். இது நன்றாக வேலைசெய்கிறது. ஹிந்தியைக் கேட்டு அந்த நேரத்தில் மொழிபெயர்க்க முயலாமல், எழுதிய தாளை வைத்து, முன்னதாக 2 தடவை படத்தோடு ஓட்டிப் பழக வேண்டும். ஊர்ப் பேச்சில், சுருக்கமாக, பாத்திரத்தின் பெயரோடு. நடிப்புக் குரல் வேண்டாம். படத்தின் சத்தத்தைக் குறைக்கலாம், அணைக்கக்கூடாது. பாட்டு வரும்போதும், கல்யாணி ஆற்றில் இறங்கும்போதும் மைக்கைக் கீழே வைத்துவிடுங்கள்.

கரண்ட் போனால்?

2 கிலோவோல்ற் அம்பியர் ஜெனரேற்றர் போதும்: புறொஜெக்ரர் 300 வாற், ஒலிபெருக்கி 300 வாற், லப்ரொப்பும் மின்விசிறி சிலவும். மண்டபத்திலிருந்து 30 மீற்றராவது தள்ளி, காற்று புகையை மண்டபத்துக்கு அப்பால் கொண்டுபோகும் பக்கமாக வையுங்கள். புகை உள்ளே வந்தால் உயிராபத்து. புறொஜெக்ரருக்கு யுபிஎஸ் ஒன்று கட்டாயம், கரண்ட் திடீரென்று நின்று சூடாறாமல் அணைந்தால் விளக்கு பழுதாகும்.

அனுமதி வேண்டுமா?

வேண்டும். காசு வாங்காவிட்டாலும் பொது இடத்தில் காட்டுவது வீட்டில் பார்ப்பதைப் போல ஆகாது. உரிமை வைத்திருப்பவரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். கனடாவில் படத்தை வெளியிட்டது மொங்ரல் மீடியா. கல்வி நோக்கம், கட்டணமில்லை, எத்தனை பேர், எந்த நாள் என்று தெளிவாக எழுதுங்கள். மண்டபத்துக்குக் கிராம அலுவலருக்கும் சங்கத்துக்கும் அறிவித்துவிடுங்கள்.

இது சைவத்தைத் தாக்கும் படம் என்று யாராவது எழும்பினால்?

வாதத்துக்குப் போகாதீர்கள். படத்தில் அதிகம் பக்தியுள்ளவள் சகுந்தலா. கேள்வியும் அவளிடமிருந்துதான் வருகிறது. மனு சாத்திரத்தின் 5ஆம் அத்தியாயத்துக் கருத்தோடு படம் தொடங்குகிறது என்பதையும் மறைக்க வேண்டாம்.

அதோடு பெரியவர்களுக்குத் தெரிந்த ஒரு பெயரை நினைவூட்டுங்கள்: திலகவதியார். அவருக்கு நிச்சயிக்கப்பட்ட கலிப்பகையார் போரில் இறந்தார். கலியாணம் நடக்காவிட்டாலும் அவரையே கணவராகக் கொண்டு உயிர்விடத் துணிந்தவர், தம்பிக்காக உயிர் தாங்கி, திருவதிகையில் கோவில் மெழுகித் தொண்டு செய்தார். சூலை நோயோடு வந்த தம்பி, அவர் கையால் திருநீறு வாங்கிய பிறகுதான் அப்பர் ஆனார் என்கிறது பெரியபுராணம். போரில் துணையை இழந்தவளின் கை சைவத்தில் எவ்வளவு மங்கலமானது என்று இதைவிட யார் சொல்ல வேண்டும்? அந்தக் கையை ஆலாத்தித் தட்டில் படவிடாமல் தடுப்பதற்குச் சமயத்தைச் சாட்சிக்கு இழுக்க முடியாது.

கலந்துரையாடலை எப்படி நடத்துவது?

படம் முடிந்ததும் விளக்கைப் பட்டென்று போடாமல் 2 நிமிடம் விடுங்கள். பிறகு பிளேன்ரீ, 15 நிமிடம். அதன்பின் 8 முதல் 10 பேர் கொண்ட வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்தையும் அந்த ஊர்ப் பெண் ஒருவரே நடத்தட்டும். அதிகாரிகளையும் விருந்தினர்களையும் முதலில் பேசவிட்டால் மற்றவர்கள் வாய் திறக்கமாட்டார்கள்.

3 கேள்வி போதும். சுய்யா ஒரு இடத்தில், ஆண் விதவைகளின் வீடு எங்கே என்று கேட்கிறாள். எங்கள் ஊரில் மனைவியை இழந்த ஆணுக்கு எது எது மறுக்கப்படுகிறது? அடுத்தது, விதவையை வீட்டைவிட்டு அனுப்புவதற்குச் சமயம் ஒரு போர்வை, உள்ளே இருப்பது சோறு, சேலை, படுக்க ஒரு மூலை என்ற செலவுக் கணக்கு என்கிறான் நாராயண். புருஷன் வீட்டார் மருமகளை வெளியேற்றும்போது எங்களிடம் என்ன கணக்கு நடக்கிறது? மூன்றாவது, ஊரில் அடுத்து வரப்போகும் சடங்கில் எந்த ஒன்றை மாற்றலாம்? ஒன்று மட்டும் கேளுங்கள். பத்துத் தீர்மானம் எடுத்த கூட்டங்களில் ஒன்றும் நடப்பதில்லை. தாயே ஆலாத்தி எடுக்கட்டும் என்று ஒரு குடும்பம் சம்மதித்தால் ஊரே அதைப் பார்க்கும்.

“நீங்கள் கல்யாணியைப் போல உணர்கிறீர்களா” என்ற மாதிரிக் கேள்வி வேண்டவே வேண்டாம். யாருடைய கதையையும் தோண்டாதீர்கள்.

மறுமணம் பற்றிப் பேச்சு வந்தால் காணிக் கேள்வி கூடவே வருகிறது. என்ன சொல்வது?

வரத்தான் செய்யும். 1856ஆம் ஆண்டுச் சட்டமே விதவை மறுமணம் செய்யலாம் என்று ஒரு கையால் கொடுத்து, செய்தால் இறந்த கணவன் சொத்தில் உரிமை போய்விடும் என்று மறுகையால் எடுத்தது. இங்கே அரச காணி அனுமதிப்பத்திரம் உள்ள குடும்பங்களுக்கும் அந்தக் கேள்வி நெருக்கமானது. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில், வாழ்க்கைத்துணை மறுமணம் செய்தால் காணி பெயர் குறிக்கப்பட்ட பின்னுரித்தாளருக்குப் போகும் ஏற்பாடு இருந்துவந்திருக்கிறது. 2022இல் சட்டம் திருத்தப்பட்டு, பின்னுரிமை வரிசையில் மூத்த மகனுக்கு இருந்த முன்னுரிமை நீக்கப்பட்டது. யாராக இருந்தாலும் தங்கள் பத்திரத்தோடு பிரதேச செயலகக் காணிப் பிரிவுக்குப் போய், யார் பெயர் பின்னுரித்தாக இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். வடக்குத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவர்களுக்கு, மணவாழ்வில் தேடிய சொத்தான தேடியதேட்டத்தில் பாதி உயிரோடிருக்கும் துணைக்கு உரியது. புருஷன் வீட்டார் “எல்லாம் எங்கள் மகனுடையது” என்றால் இதைத் தெரிந்திருப்பது பலம்.

காணாமல் ஆக்கப்பட்டவரின் குடும்பத்துக்கு மரணச் சான்றிதழ் மட்டும்தான் வழி என்று யாராவது சொன்னால் திருத்துங்கள். 2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி, இறந்தார் என்று ஒப்புக்கொள்ளாமலே, ஆள் காணாமற்போயிருப்பதை உறுதிசெய்யும் சான்றிதழ் பெறலாம்.

யாராவது உடைந்து அழுதால்?

அழவிடுங்கள். படத்தை நிறுத்தவோ எல்லோரும் சூழவோ வேண்டாம். பயிற்சியுள்ள ஒருவர் வாசலருகே இருந்து, அவர் எழும்பினால் கூட எழும்பி வெளியே போகட்டும். வெளியே நிழலில் 2 கதிரையும் தண்ணீரும் வையுங்கள். கல்யாணி ஆற்றில் இறங்கும் காட்சிக்குப் பிறகுதான் பெரும்பாலும் இது நடக்கும். அந்த நேரம் கதவடியில் ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள். சாகவேண்டும் போலிருக்கிறது என்று யாராவது சொன்னால் அன்றைக்கே வீடுவரை கூட்டிப்போய், அடுத்த நாள் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். மனநல உதவிக்கு 1926, பெண்களுக்கான உதவிக்கு 1938, சிறுவர் பாதுகாப்புக்கு 1929. மூன்றையும் பெரிதாக எழுதி வாசலில் ஒட்டுங்கள்.

வரவுப் பதிவும் படமெடுப்பும்?

பெயரும் ஊரும் போதும். ‘குடும்ப நிலை’ என்ற நிரலை வரவுத் தாளிலிருந்து வெட்டிவிடுங்கள். உதவி நிறுவனம் கேட்டால் மொத்த எண்ணிக்கையை மட்டும் கொடுங்கள். பார்க்கும் முகங்களைப் படமெடுக்க விடவேண்டாம். அறிக்கைக்குப் படம் தேவையென்றால், சனம் வருவதற்கு முன் திரையும் பாயும் கதிரையுமாக மண்டபத்தை எடுத்துக்கொள்ளலாம்.